ஒளியறிந்து படம் பிடித்தல்

மொனராகலையின் றப்பர் தோட்டமொன்றில், உச்சி வெயிலிற் பாட்டியை நிறுத்திப் பேரன் கைத்தொலைபேசியாற் படம் பிடிக்கிறான். படத்திற் பாட்டியின் கண்கள் தெரியவில்லை. அவ்விடத்திற் கருநிழலே படிந்திருக்கிறது. பேரன் கருவியைக் குறை கூறுகிறான். குறை கருவியிலன்று, ஒளியைத் தேர்ந்த முறையிலேதான் உள்ளது.

சூரியன் தலைக்குமேல் நிற்கையிற் புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். மரத்தடிக்குச் சென்றாலோ, இலைகளினூடே விழும் வெயில் முகத்திற் புள்ளி புள்ளியாகப் படியும். இதற்கு ஏற்ற இடம் லயத்து இஸ்தோப்பே. அங்கே பாட்டியை வாசலை நோக்கி, முகத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி அமரச் செய்தல் வேண்டும். வெளியிலிருந்து வரும் மென்மையான ஒளியிற் கண்களும் முகத்தின் சுருக்கங்களும் தெளிவாகத் தோன்றும். படம் பிடிப்பவர் முற்றத்தில் நின்று எடுக்கலாம்.

பாட்டி வாசலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். இதற்குக் காரணம் உண்டு. கமெரா பொதுவாகத் தன்முன் உள்ள காட்சியை நடுத்தர ஒளியுடையதாகக் கொண்டு கணக்கிடுகிறது. பின்புறம் மிகுந்த வெளிச்சம் இருந்தால், அதனைக் குறைக்க முற்பட்டு முகத்தையும் இருளாக்கிவிடுகிறது. பதுளைப் பக்கத்து மலைகளில் வெண்பனிமூட்டம் படத்திற் சாம்பல் நிறமாகத் தோன்றுவதும் இதனாலேயே. கைத்தொலைபேசியின் திரையில் முகத்தின்மீது விரலால் தொட்டு, ஒளியளவைச் சிறிது கூட்டினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

காம்பராவினுள்ளே ஒளி குறைவு. போதிய ஒளியைப் பெறக் கமெரா நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கை அசைந்தாற் படம் கலங்கும். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வது நலம். தூரத்தில் நின்று உருவத்தைத் திரையிற் பெருக்குவதும் பெரும்பாலும் தெளிவைக் குறைக்கும். இரண்டடி முன்னே செல்வதே மேல். முன்னே செல்லுமுன் அனுமதி கேட்டல் பண்பு. கொழுந்து பறிப்பவர் காட்சிப்பொருள் அல்லர்.

முன்னாளில் ஒரு படச்சுருளில் முப்பத்தாறு படங்களே பெரும்பாலும் அடங்கின. ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. இன்று பத்துப் படங்கள் எடுத்து, ஒப்பிட்டு நோக்கி, பிழையறிந்து திருந்தலாம். தொடக்கநிலையினருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

எடுத்த படத்தைக் காத்தலும் இக்கலையின் ஒரு பகுதியே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. மனிதரோடு அவர்தம் உடைமைகளும் மண்ணுட் சென்றன. சுவரில் மாட்டிய படம் சுவரோடு போய்விடும். கைத்தொலைபேசியில் மட்டும் உள்ள படம் அக்கருவியோடு போய்விடும். ஆகவே, நல்ல படத்தின் ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டு, மற்றொன்றை வேற்றூரிலுள்ள உறவினரிடம் அனுப்பி வைத்தல் வேண்டும்.

மலைகளை நாளையும் படம் பிடிக்கலாம். பாட்டியின் முகத்தையோ இன்றே, நல்ல ஒளியில், பிடித்து வைத்தல் வேண்டும்.