பயிர்நிலமும் புள்ளிவிபரவியலும்: பட்டப்பின் படிப்புக்கான ஆயத்தம் பற்றிச் சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய் ஆகிய நெல்விளையும் பிரதேசங்களிலிருந்து விவசாயமோ தாவரவியலோ கற்றுப் பட்டம்பெறும் மாணவர், பேராதனையில் 1975 இல் நிறுவப்பட்ட பட்டப்பின் விவசாய நிறுவகம் போன்றவற்றை நாடிச் செல்லும்போது எதிர்ப்படும் முதற்றடை பெரும்பாலும் புள்ளிவிபரவியலாகவே அமைகின்றது. காரணம் தெளிவானது. உயர்தரத்தில் உயிரியற் பிரிவைத் தெரிந்தோர் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிடுகின்றனர். பாடசாலையில் தமிழிற் கற்றவற்றைப் பட்டப்பின் வகுப்பில் ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். எனவே சூத்திரங்களை மனனஞ்செய்வதும், மென்பொருளின் எந்த விசையை அழுத்துவது என்று அறிவதும் ஆயத்தம் எனக் கருதப்படுகின்றன. இவை போதா என்பதே நமது கருத்து. எண்கள் எங்கிருந்து வந்தன என்ற வினாவோடு தொடங்குபவனுக்கே இத்துறை வசப்படும்.

நவீன புள்ளிவிபரவியலின் கணிசமான பகுதி வயலிலும் ஆலையிலும் தோன்றியது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 இல் பயிர்ப் பரிசோதனைகளைத் தொடக்கிய ஜோன் லோஸ், அதற்கு முந்திய ஆண்டிற் சுப்பர்பொசுபேற்று உரத்துக்குக் காப்புரிமை பெற்ற உற்பத்தியாளர். உரம் விற்பவருக்கு உரத்தின் பயனை அளக்கும் தேவை இருந்தது. 1908 இல் ‘ஸ்ரூடன்ற்’ என்ற புனைபெயரிற் சிறிய மாதிரிகள் பற்றி எழுதிய கொசெற், கின்னஸ் மதுவடிசாலையின் ஊழியர். 1919 இல் ரொதம்ஸ்ரெட்டிற் சேர்ந்த பிஷர், அங்கு பல்லாண்டுகளாகக் குவிந்துகிடந்த விளைச்சற் பதிவுகளை ஆராயும் முயற்சியினூடாகவே மாறற்றிறன் பகுப்பாய்வை உருவாக்கினார். அவர் இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. கருவியை ஏற்பவர் கொள்கையையும் ஏற்கவேண்டிய நியதி இல்லை.

இம்முறை இலங்கையை வந்தடைந்த வழி மேலும் நோக்கத்தக்கது. ரொதம்ஸ்ரெட்டிற் பிஷருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திற் பணியாற்றினார். தேயிலைப் பரிசோதனைகளின் பிழையளவு பற்றிய அவரது கட்டுரை 1931 இல் வெளியாயிற்று. தேயிலையில் விளைச்சல் என்பது கொய்யப்பட்ட கொழுந்தின் நிறை. அதைக் கொய்தோர் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்கள். ஒரு பாத்தியின் நிறையில் மண்ணும் மழையும் மாத்திரமன்றி, கொய்த கையின் பழக்கமும் களைப்பும் கலந்திருக்கின்றன. ஓர் உரமிட்ட பாத்திகளையெல்லாம் ஒருத்தியே கொய்தால், உரத்தின் பயனையும் அவள் கையின் திறனையும் எந்தக் கணிப்பும் பிரித்துக்காட்ட முடியாது. உழைப்பு இவ்வாறு அட்டவணைக்குள் மறைந்து நிற்கின்றது. அட்டவணைக்கு எண் தந்த அச்சமூகத்திற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று.

இனி நமது வயலுக்கு வருவோம். கொட்டியாரக் குடாவை அண்டிய வயலொன்றிற் கடற்பக்கம் உவர் கூடியும், வாய்க்காற்பக்கம் குறைந்தும் இருப்பதாகக் கொள்வோம். மூன்று உர அளவுகளை ஒப்பிடவேண்டும். ஒவ்வோர் அளவையும் ஒவ்வொரு பக்கத்தில் இட்டால் நாம் அளப்பது உரத்தையா உவரையா என்பது தெரியாது. ஆகவே கரைக்குச் சமாந்தரமாக வயலை நான்கு பட்டிகளாக வகுத்து, ஒவ்வொரு பட்டியிலும் மூன்று அளவுகளையும் சீட்டுக் குலுக்கி இடுகிறோம். பன்னிரண்டு பாத்திகள், சுயாதீனப் படிகள் 11. அவற்றுட் பட்டிகளுக்கு 3, உரத்துக்கு 2, எஞ்சிய 6 பிழைக்கு. (நான்கு எண்களின் இடை தெரிந்தால் மூன்றை விருப்பம்போல் வைக்கலாம், நான்காவது தானே தீர்மானமாகிவிடும். சுயாதீனப் படி என்பதன் பொருள் இவ்வளவே.) ஒரு பாத்தியிற் பத்து நெற்பயிரை அளந்துவிட்டுப் பத்து மீள்செய்கை எனக் கணக்கிடுவது மாணவரிடையே மலிந்த தவறு. உரம் இடப்பட்ட அலகு பாத்தியே, பயிர் அன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். இலக்கியத் துறையினராகிய நாம் இவ்விடயத்திற் தலையிடுவதற்கு நியாயம் இதிலேயே உள்ளது. ‘பிழை’ என்றதும் மாணவர் குற்றத்தை நினைக்கின்றனர். இத்துறையிலோ அது, நாம் கட்டுப்படுத்தாத காரணங்களால் ஒத்த பாத்திகளிடையே எஞ்சும் வேறுபாட்டைக் குறிக்கும். ‘எழுமாறு’ என்றதும் மனம்போன போக்கு எனக் கொள்கின்றனர். சோழர்காலக் குடவோலை முறையிற்போல, தெரிபவரின் விருப்பை விலக்கும் கண்டிப்பான ஒழுங்கே அது. ‘பொருளுடைமை’ என்ற சொல் முக்கியத்துவம் எனப் பெயர்க்கப்படும்போது விளையும் தீங்கு இவற்றினும் பெரிது. ஏக்கருக்குச் சில கிலோ மட்டுமே கூடிய விளைச்சல், மீள்செய்கைகள் பலவாயின், சோதனையிற் பொருளுடையதாகலாம்; உரத்தின் விலையைக் கழித்தபின் குத்தகைக்காரனுக்கு எதுவும் மிஞ்சாது போகலாம்.

சராசரியின் மயக்கமும் இத்தகையதே. ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றி 1899 இல் வெளியான நூலில், லெனின் செம்ஸ்த்வோ புள்ளிவிபரங்களை மீளவகுத்து, செல்வரையும் வறியரையும் ஒன்றாக்கும் சராசரி விவசாயிகளிடையே நிகழ்ந்த வர்க்கப் பிரிகையை மறைத்ததைக் காட்டினார். நம் நாட்டில் 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. தடை அவ்வாண்டு நவம்பரிலே தளர்த்தப்பட்டபோதிலும் அடுத்து வந்த பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. பாத்திகளிற் சோதிக்கவேண்டியது நாடு முழுவதிலும் ஒரே போகத்திற் சோதிக்கப்பட்டது. ஒப்பிடுவதற்குத் தடையில்லாத பாத்தி ஒன்றேனும் விடப்படவில்லை. நட்டத்தைச் சுமந்தோர் சராசரி விவசாயிகள் அல்லர். கடன்பட்டு விதைத்தோர் ஒருவகையாகவும், களஞ்சியத்திற் கையிருப்பு உள்ளோர் வேறுவகையாகவும் அதனைச் சுமந்தனர்.

ஆகவே வகுப்புத் தொடங்குமுன் உள்ள மாதங்களில் மாணவர் முதலிற் கூட்டற்குறி, மடக்கை, நேர்கோட்டுச் சமன்பாடு ஆகியவற்றை மீட்டுக்கொள்க. நிகழ்தகவையும் செவ்வன் பரம்பலையும் பாடசாலை நூலளவிலேனும் அறிக. இடை, நியம விலகல், மாறற்றிறன் முதலிய சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லையும், தம் வயலிலிருந்து ஓர் உதாரணத்தையும் எழுதிய குறிப்பேடு பெரிதும் உதவும். ‘ஆர்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. எனினும் அதனைத் தொடுமுன், பன்னிரண்டு பாத்திகளின் கணக்கை ஒருதடவை கையாற் செய்துபார்ப்பது நன்று. ஒரு பிற்பகல் போதும். பிறகு தம்பலகாமத்திலோ மூதூரிலோ ஒரு வயலுக்குச் சென்று, உவர் எந்தப் பக்கத்தால் ஏறுகிறது, தண்ணீர் எந்த வரம்பிற் தங்குகிறது என்று அங்கு பயிர்செய்பவரைக் கேட்டு, பட்டிகளை எத்திசையிற் பிரிப்பது என வரைந்துகொள்ளலாம்.