மானாவாரி நிலத்தில் மறுதாம்புக் கரும்பு

கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் பயிரே மறுதாம்பு. விதைக்கரணையும் நடவுக் கூலியும் மிச்சமாவதால், “தானாக வருவதற்குச் செலவு எதற்கு?” என்று அங்கத்தினர் பலர் கேட்பதை நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது கேட்டிருக்கிறோம். இக்கேள்விக்குப் பிரேஸில் நாட்டுச் செராடோ பிரதேசம் தக்க விடை அளிக்கிறது.

செராடோ, புல்லும் குறுமரங்களும் கலந்த சவன்னா நிலமாகும். அங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. கரும்பு பெரும்பாலும் மானாவாரிப் பயிரே. ஆயினும், ஆலைகளின் அரவைக் காலம் வறட்சியில் அமைவதால், ஈரம் குறைந்த நாட்களிலேயே பெரும்பகுதி வெட்டப்படுகிறது. வெட்டிய கட்டையின் பழைய வேர்கள் சில வாரங்களே புதிய தளிர்களைத் தாங்கும். அதற்குள் தளிர்கள் சொந்த வேர் விடவேண்டும். மண்ணில் ஈரமில்லையேல் கட்டை மடியும், அங்கே இடைவெளி விழும், களை புகும். ஒரு நடவிலிருந்து ஏறத்தாழ ஐந்து அறுவடை காண்பது அங்கே வழக்கம். இடைவெளி மிகுந்தால் அக்கணக்குக் குறைந்துவிடும்.

ஆகவே ஈரத்தைக் காப்பதே முதற்கடமை. முன்னாளில் வெட்டுமுன் தோட்டத்திற்குத் தீ வைத்தனர். ஸாவோ பாலோ மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்க வழி செய்தது. எரியாத சோகை நிலத்தில் போர்வைபோல் படிந்து, ஈரத்தைக் காத்துக் களையையும் அடக்குகிறது. எனினும், கட்டையின்மேல் கனமாகக் குவிந்தால் தளிர் தாமதப்படும். ஆதலால் அதைப் பார்களின் இடையே ஒதுக்குதல் நலம்.

பிரேஸிலுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 1912-இல் கோயமுத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கோ 290, கோ 419 ஆகிய ரகங்கள் அங்கேயும் பயிராயின. நாட்டுக்கரும்புடன் காட்டுக்கரும்பை இணைத்ததனால் இந்நிலையத்தின் ரகங்களுக்குக் கட்டை தழைக்கும் வலிமை கிட்டியது. ஆனால் அவ்வலிமையை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

நம் அங்கத்தினர் செய்யவேண்டுவன சில. கரும்பை மண்மட்டத்தில் வெட்டுக. உயர்ந்து நிற்கும் கட்டையை உடனே சீவுக. இடைவெளிகளை நோயற்ற நாற்றுகளால் நிரப்புக. வெட்டிய 5 முதல் 7 நாட்களுக்குள் தழைச்சத்தை வழக்கத்தினும் 25 சதவீதம் கூடுதலாக இடுக. செவ்வழுகல் கண்ட தோட்டத்தில் மறுதாம்பு விடவே கூடாது.

உரத்திற்கான கடன் மனுவை வெட்டுக்கு முன்பே சங்கத்தில் கொடுத்துவிடுதல் உத்தமம். கட்டை தளிர்த்தபின் மனுச் செய்து, பணம் கைக்கு வரும்போது, உரம் வேண்டிய நாட்கள் கடந்திருக்கும்.