பாதியில் ஒளிந்திருந்த பிழை

அகரவரிசையில் பத்து லட்சம் பெயர்கள். அதில் ஒன்றைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் முறைகூடப் பார்க்க நேரலாம். நடுப்பெயரை எடுத்து, தேடுவது அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் 20 முறை போதும். நூறு கோடிப் பெயர்களானாலும் 30 முறைதான்.

‘பைனரி சர்ச்’ எனப்படும் இந்த வழிமுறையை, கணினி முன்னோடி ஜான் மாக்லி 1946-லேயே விவரித்துவிட்டார். ஆனால், எல்லா அளவுப் பட்டியலுக்கும் சரியாக இயங்கும் வடிவம் அச்சேற 1960-கள் ஆகிவிட்டன. பின்னாளில் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி, அனுபவமுள்ள புரோகிராமர்களிடம் இதை எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் எழுதியதில் பிழை இருந்தது. சரியான வடிவத்தைத் தன் நூலில் நிறுவியும் காட்டினார்.

அதிலும் ஒரு பிழை இருந்தது.

2006-ல் அதை வெளிப்படுத்தியவர் பென்ட்லியிடம் பாடம் கேட்ட ஜோஷுவா பிளாக். ஜாவா மொழியின் நூலகத்துக்காகத் தான் எழுதிய நிரலிலும் அதே பிழை இருப்பதாக அவரே எழுதினார். நடுவைக் கண்டுபிடிக்க, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் எதிர்ம எண்களுக்கும் இடம் விடும் 32 பிட் அமைப்பில் அடங்கும் மிகப்பெரிய முழு எண் 2,147,483,647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஜாவாவில் எதிர்ம எண்ணாகிவிடும், நிரல் நின்றுபோகும். பட்டியல் நூறு கோடியைத் தாண்டினால்தான் இந்தச் சிக்கல். பென்ட்லி நூல் எழுதிய 1980-களில் அவ்வளவு நினைவகம் யாரிடம் இருந்தது?

தீர்வு எளிது: தொடக்க, இறுதி எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பாதியைத் தொடக்க எண்ணுடன் கூட்ட வேண்டும். பைதான் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே முழு எண் தேவைக்கேற்ப வளரும். ஒரே நிரல் ஒரு மொழியில் ஓடி இன்னொன்றில் ஏன் விழுகிறது என்பதற்கு மொழியின் இலக்கணத்தில் விடை கிடைக்காது. எண் நினைவகத்தில் எப்படி உட்காருகிறது, தரவு பெருகும்போது வேலை எவ்வளவு பெருகும் என்பதைப் படித்தவர்களுக்கே அது புலப்படும்.

அதே எல்லை இன்னோர் இடத்திலும் காத்திருக்கிறது. 1970 முதல் கழிந்த விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44 மணிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். மாற்றப்படாதவற்றில் தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்.