உளவியலின் பழைய பேரேடுகள்



போரின் வடுக்களோடு உளவளத்துணைக்குப் போய்வரும் எம்மவர் சிலர் குழம்புகிறார்கள்: ஒருவர் சிறுவயதுக் கதைகளைக் கேட்கிறார், இன்னொருவர் வீட்டுப்பாடம் தருகிறார். எது சரி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட், துன்பத்தின் வேர் ஆழ்மனதில் புதைந்திருக்கிறது, பேசப் பேச வெளிவரும் என்றார். 1913 இல் அமெரிக்கரான ஜோன் வாட்சன், மனதை யாரும் பார்த்ததில்லை, கண்ணுக்குத் தெரியும் நடத்தையை ஆராய்வோம் என்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல தசாப்தங்கள் அவரது நடத்தைவாதமே கோலோச்சியது. பிராய்டின் வழியில் பயிற்சி பெற்ற ஆரன் பெக், 1960களில் உளச்சோர்வு நோயாளிகளிடம் தானாக எழும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்து, அவற்றைச் சோதித்துத் திருத்தும் சிகிச்சையை உருவாக்கினார்.

ஒன்று வந்ததும் மற்றது அழிந்துவிடவில்லை. கணக்காளன் பாஷையில் சொன்னால், பழைய பேரேட்டின் மீதி புதியதற்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. இன்று பரவலாக வழங்கப்படும் அறிகை நடத்தைச் சிகிச்சையின் பெயரிலேயே இரண்டு மரபுகள் இருக்கின்றன. வீட்டுப்பாடம் அதன் ஒரு பகுதி.

ஆகவே நேயர்களே, முறை மாறுவதைக் கண்டு பாதியில் நிறுத்திவிடாதீர்கள். “இது எந்த முறை? எனக்கு ஏன் இதைத் தெரிவு செய்தீர்கள்? எத்தனை அமர்வுகள்?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.