இழுவிசையும் இனங்காணலும்

நிர்ப்பீடனத்தைப் பூட்டும் திறவுகோலும் என்னும் உவமையால் விளக்குவது வழக்கம். பிணைப்பு இறுகுந்தோறும் இனங்காணல் சிறக்கும் என்பது அதன் உட்கிடை. இது முழுமையான விளக்கமன்று என்பதே நாம் இங்கு சுட்ட விரும்புவது.

ரீ-நிணநீர்க்கலம் ஓரிடத்தில் நிற்பதன்று. பிற கலங்களின் மேல் ஊர்ந்து செல்வது. எனவே, அக்கலங்கள் ஏந்திக் காட்டும் புரதத்துணுக்கை அதன் வாங்கி பற்றியதும் அப்பிணைப்பு இழுபடுகின்றது. இழுபடும் பிணைப்பு விரைவில் அறும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 2014 இல் செங் சூ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கலத்தைத் தூண்டவல்ல துணுக்குடனான பிணைப்பு ஏறத்தாழ 10 பிக்கோநியூற்றன் விசையில் மிக நீடித்து நின்றது.

இது வெறும் பௌதிக விந்தையன்று. புற்றுநோய்க்குரிய மாகே-ஏ3 புரதத்தை நாடுமாறு பிணைப்பிறுக்கம் கூட்டப்பட்ட வாங்கியொன்று, இதயத்தசையின் ரைற்றின் புரதத்தையும் இலக்காகக் கொண்டதால் நோயாளர் இருவர் இறந்தமை 2013 இல் அறிக்கையிடப்பட்டது. 2022 இல் வெளிவந்த ஆய்வோ, இறுக்கத்தைக் கூட்டாது, இழுபடும்போது நீடிக்கும் இயல்பை வாங்கிக்கு ஊட்டியது. அவ்வாங்கிகள் ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைத் திறம்பட அழித்தன. ரைற்றினை இனங்கண்டதாகத் தெரியவில்லை.

விசையின் பங்கு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஓய்வுநிலையில் அளந்த இறுக்கத்தை மட்டும் நம்பி மருந்தாக்குதல் தகாது என்பது தெளிவு.