கனடாவில் ஒரு பூந்தமல்லி இருக்கிறது, தெரியுமா?

எனக்கும் போன கோடைவரை தெரியாது! மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் இருபது வருடமாக இருக்கிறேன். இங்கிருந்து மூன்று மணி நேரக் கார் ஓட்டத்துக்குள், ரீடோ கால்வாயின் 32ஆம் இலக்க லாக்குக்குப் பெயர் ‘பூனமாலி’. பலகையை முதலில் வாசித்தது அம்மாதான். கனடா வருவதற்கு முன் வளசரவாக்கத்தில் இரண்டு வருடம் இருந்தவர். “எடி பிள்ளை, இது எங்கட பூந்தமல்லியெல்லோ! அந்த றோட்டால போற பஸ்ஸெல்லாம் அங்கதானே போகும்!” என்று படகின் மேல்தட்டிலிருந்து கத்தினார்.

அம்மா சொன்னது சரி. அந்த இடத்தின் பழைய பெயர் பர்ஸ்ட் ராபிட்ஸ். சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் பிரிட்டிஷ் படைக்கு முகாம் இருந்த காலத்தில், வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பிகள் பிறந்த அந்த ஊரின் பெயர் கடல் தாண்டி வந்து இந்தக் காட்டுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

படகை நாங்களே ஓட்டினோம் என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தின் கால்வாய்களில் இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒடுக்கமான படகுகளில் குடும்பங்கள் விடுமுறைக்குப் போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்தது அதைவிட அகலமானது. கால்வாய்க் கரையிலுள்ள ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் லெ போட் நிறுவனம் 2018 முதல் இப்படிப் படகு வீடுகளை வாடகைக்கு விடுகிறது. புறப்படும் முன் பயிற்சி தருகிறார்கள். உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. அம்மா முதல் நாளே புட்டு அவித்துவிட்டார்.

லாக் என்றால் தண்ணீரில் கட்டிய படிக்கட்டு. எங்கள் கியூபெக்கில் எக்லூஸ் என்பார்கள். கரையில் நீலக்கோடு போட்ட இடத்தில் படகை ஒதுக்கினால் “நான் உள்ளே போக வேண்டும்” என்று அர்த்தம்! உள்ளே போனதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். இரு பக்கமும் பாசி படிந்த கற்சுவர், கிணற்றுக்குள் இறங்கினது மாதிரிக் குளிர்ச்சி. சுவரில் செங்குத்தாகத் தொங்கும் கம்பி வடத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். கட்டிவிடவே கூடாது, படகு ஏற ஏறக் கயிறும் வழுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். பின்கதவு மூடுகிறது, முன்பக்க மதகு திறக்கிறது, படகுக்குக் கீழே தண்ணீர் கொப்பளிக்கிறது. சில நிமிடத்தில் இரண்டு மீட்டர் உயர்ந்து, புல்தரையில் நிற்கிறவரின் சப்பாத்து நம் கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது!

பம்ப் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர்தான் தூக்குகிறது. கதவுகள் இரண்டும் ஓட்டத்தை எதிர்த்து ஆப்பு வடிவில் சேர்வதால், தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்கின்றன. அதைவிட வியப்பு, இந்தக் கால்வாயில் பெரும்பாலான லாக்குகளை இன்றைக்கும் மனிதக் கைகளே இயக்குகின்றன! பூனமாலியில் பணியாளர் என் மகளைக் கூப்பிட்டு இரும்புக் கைப்பிடியைச் சுற்ற விட்டார். முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளினாள். சங்கிலி கடகடத்தது, கனத்த மரக்கதவு மெல்ல நகர்ந்தது.

ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன்வரை 202 கிலோமீட்டர், 45 லாக்குகள். அதில் வெட்டிய பகுதி ஏறக்குறைய 19 கிலோமீட்டர்தான், மிச்சமெல்லாம் ஆறும் ஏரியும். 1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போருக்குப் பிறகு, அமெரிக்கர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை மறித்தால் மொன்றியலிலிருந்து படைக்குச் சாமான் போக மாற்று வழி வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். 1826இல் தொடங்கி 1832இல் முடித்தவர் கர்னல் ஜான் பை. ஆனால் எந்தப் போரும் அந்த வழியைத் தேடி வரவில்லை. 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது.

கனடாவில் மலேரியா இருந்தது தெரியுமா? இந்தக் கால்வாயை வெட்டியபோது ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் பலர். அவர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது காய்ச்சல்தான். கரையில் நின்று அதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கால்வாயின் உச்சிக்கு அருகே நியூபரோ என்ற இடத்தில் பாறை உடையவில்லை, ஆட்கள் நடுங்கிச் சுருண்டார்கள். அப்போது பை என்ன செய்தார் தெரியுமா? பாறையை இன்னும் ஆழமாக வெட்டுவதை விட்டுவிட்டுத் தண்ணீரை உயர்த்தினார்! ரீடோ ஏரியின் இடுப்பில் அணை கட்டி, ஒரே ஏரியை இரண்டாக்கினார். மேலேரியின் மட்டம் ஏறியது, வெட்ட வேண்டிய பாறை குறைந்தது. இவ்வளவும் செய்த மனிதருக்குக் கிடைத்தது செலவு பற்றிய விசாரணை. மரியாதை எதுவும் கிடைக்காமலே 1836இல் இறந்தார்.

அவ்வளவு தூரம் போக வசதியில்லையா? மொன்றியலிலேயே 1825இல் திறந்த லஷீன் கால்வாய் இருக்கிறது. 1970இல் மூடி, 2002இல் உல்லாசப் படகுகளுக்குத் திறந்துவிட்டார்கள். மேற்கே கரியோன் லாக், ஒரே தடவையில் 20 மீட்டர் தூக்கும்!

எனக்கு இன்னும் ஆறாத வியப்பு ஒன்று உண்டு. கால்வாயின் உச்சி அந்த மேலேரி. அங்கிருந்து வடக்கே இறங்கும் தண்ணீர் பூனமாலியைத் தாண்டி ஒட்டாவா ஆற்றில் விழுகிறது. தெற்கே நியூபரோ லாக் வழியாக இறங்குவது கிங்ஸ்டன் போய்ச் செயின்ட் லாரன்ஸில் சேர்கிறது. ஒட்டாவா ஆறு எங்கே வருகிறது? எங்கள் வாசலுக்கு! லவாலின் இரு பக்கமும் ஓடும் ஆறுகளில் வருவது அதன் தண்ணீர்தான். மொன்றியல் தீவின் கிழக்கு முனைக்கு அருகே அது செயின்ட் லாரன்ஸைத் தொடுகிறது. உச்சியில் பிரிந்த தண்ணீர், எங்கள் ஊரைச் சுற்றி வந்து மறுபடி ஒன்றாகிறது!

வீடு திரும்பிய அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். மகள் தண்ணீரில் கைவிட்டபடி, “அம்மம்மா, பூந்தமல்லித் தண்ணி இஞ்ச எப்ப வந்து சேரும்?” என்று கேட்டாள்.