இட்லி விலை ஏறாத தெரு

டிபன் கடைக்காரர் யாரிடமும் விலைவாசி பற்றிக் கேட்டால் முதலில் சிலிண்டரைத்தான் காட்டுவார். 19 கிலோ வணிகச் சிலிண்டர் 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியது. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணெய் நிறுவனங்கள் என்ன விலை சொல்லுமோ என்று காத்திருப்பதே பிழைப்பாகிவிட்டது. வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. கடைச் சிலிண்டருக்கு 18. மின்கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது. 2023 ஜூலையில் வீடுகளுக்கு விலக்கு கொடுத்து, கடைகளுக்கு ஏற்றினார்கள். 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. பாமாயில் விலையோ கடல் தாண்டி வருகிறது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோதும், 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியபோதும், அதன் சூடு நம் காலனியில் வடை சுடும் அக்காவின் வாணலி வரை வந்தது.

இதுவரை எல்லாக் கடைக்கும் பொது. இதற்குமேல் பொது இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் ஊர்க்காரர் கடையில் சிலிண்டர் விலை ஏறினால் டீ விலையும் ஏறும். புது விலையை எழுதி ஒட்டிவிடுவார்; வழியில் இறங்குகிறவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார். காலனிக் கடையில் அப்படி ஏற்ற முடியாது. அங்கே சாப்பிடுகிறவர் எல்லாம் காலனிக்காரர்கள்தான். ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் வந்து அந்த இட்லியைத் தொடுவதில்லை. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள், ஊர்க்காரர் ஒருவர் காலனிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று சொல்லட்டும்.

"ஒரு ரூபா ஏத்திப் பாத்தேன். நம்ம ஜனமே 'என்னக்கா, நீயுமா'ன்னு கேட்டுச்சு. மறுநாளே எறக்கிட்டேன்" என்றார் நம்மிடம் பேசிய ஓர் அக்கா. விலையை ஏற்ற முடியாதவர் வேறு எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். வடை சிறுத்தது. சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை கூடியது. மாலைப் போண்டா நின்றது. கடைசியில் சிலிண்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஏரிக்கரைச் சீமைக்கருவேல விறகுக்குத் திரும்பியாயிற்று. அந்தப் புகை அக்காவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் செய்கிற வேலையை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. காலை 4 மணிக்கு எழுந்து மாவு கலக்கும் மகளின் கூலியும் அந்தக் கணக்கில் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் குடும்பமே உழைப்பதால்தான் பல கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. இதை 'சமாளிப்பு' என்று பாராட்டி எழுதுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது கணக்கு நோட்டு. காலனியில் பாதி வியாபாரம் நோட்டில்தான் நடக்கிறது. 100 நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அது வங்கிக் கணக்கில் ஏற வாரக்கணக்கில் தாமதமானால் இட்லிக் காசும் அத்தனை வாரம் தாமதமாகும். டெல்லி நிறுத்தி வைக்கும் பணத்துக்கு வட்டி கட்டுவது காலனியின் டிபன் கடை.

அவருக்குக் கடன் கொடுப்பது யார்? மளிகை மொத்தக் கடையில் வழக்கமான வாடிக்கையாளருக்குப் பத்து நாள், பதினைந்து நாள் தவணை உண்டு. அந்தத் தவணைதான் சிறுவணிகத்தின் உண்மையான மூலதனம். விலை ஏறும் மாதத்தில் ஒரு கடை தாக்குப்பிடிப்பதும் மூடுவதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அது உறவைப் பார்த்து, சாதியைப் பார்த்து, 'நம்ம ஆள்' என்ற பழக்கத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. "ரொக்கம் இருந்தா எடுத்துக்கோ" என்று ஐம்பது வயதுப் பெண்ணை ஒருமையில் சொல்லும் கல்லாக்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் மாவட்டத்து ஆரணியை 1970-களிலிருந்து தொடர்ந்து ஆய்வு செய்துவரும் பொருளியலாளர் பார்பரா ஹாரிஸ்-வைட், நகரத்து வணிகம் சாதியின் வழியாகவும் சாதிச் சங்கங்களின் வழியாகவும் நடப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். சந்தைக்குச் சாதி தெரியாது என்று கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும். ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தனிநபர் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருடையவை சுமார் 11 விழுக்காடு; மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு.

மொத்தக் கடைக்காரர் கொடுக்காத தவணையைத் தண்டல்காரர் கொடுக்கிறார். 10,000 ரூபாய் என்று பேச்சு. கைக்கு வருவது 9,000. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க ஆயிரம் ரூபாய் வட்டி போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக உங்கள் கையில் இருந்தது அதில் பாதிதான். கூட்டிப் பார்த்தால் ஆண்டு வட்டி 70 விழுக்காட்டைத் தாண்டும். கணக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை வீட்டில் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

அரசுத் திட்டங்கள் இல்லையா? இருக்கின்றன. 2016-இல் வந்த ஸ்டாண்டப் இந்தியா 10 லட்சத்தில்தான் தொடங்கியது. இட்லிக் கடைக்கு அது எட்டாது. 2020-இல் வந்த ஸ்வநிதி 10,000 ரூபாயில் தொடங்கியது, சரியான அளவு. ஆனால் அது நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்கானது. கிராமத்துக் காலனிக்குள் அடுப்பு வைத்தவர் அதில் வரமாட்டார். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். வெல்டிங் பட்டறை, டூவீலர் மெக்கானிக், பிரிண்டிங் என்று போகிற நம் இளைஞர்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். வண்டி பழுதுபார்க்க வருகிறவர் அவ்வளவாகச் சாதி கேட்பதில்லை, வாயில் போடுவதற்குத்தான் கேட்கிறார். அதனால் அந்தத் தொழில்களுக்கு ஊர்ச் சந்தையும் திறக்கிறது. ஆனால் நாளைக் காலை உளுந்து வாங்க 2,000 ரூபாய் இல்லாதவருக்கு இயந்திர மானியம் என்ன செய்யும்? கிராமத்துக்கும் ஒரு ஸ்வநிதி வேண்டும், கூட்டுறவு வங்கி வழியாக. இதுதான் நம் கோரிக்கை.

அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆய்வுநூல் ரூபாயைப் பற்றியது. பணத்தின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதே அதில் அவருடைய கவலை. அவரைச் சட்டமேதையாக மட்டும் சிலை வைத்தவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. விலை ஆடும்போது யார் முதலில் விழுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கோரிக்கை நிறைவேறும் வரை செய்யக்கூடியவை சில உண்டு. பக்கத்துப் பக்கத்துக் காலனிகளில் உள்ள நான்கைந்து கடைகள் சேர்ந்து எண்ணெய் டின்னும் உளுந்து மூட்டையும் ஒரே கையில் வாங்கினால் மொத்த விலை கிடைக்கும். மகளிர் குழு இருக்கும் இடத்தில் இது எளிது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் 500 கேட்டால் கொடுக்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே போட்டுக் கொடுக்கலாம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இந்த இரண்டு தாளோடு முத்ரா சிசு கடனுக்கு வங்கிக்குப் போங்கள். 50,000 வரை பிணையம் தேவையில்லை என்பது விதி. மேலாளர் பிணையம் கேட்டாலோ, இல்லை என்று அனுப்பினாலோ, அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அது அடுத்த மேசைக்குப் போவதோடு சரி. மறுப்புத் தாள் இருந்தால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.